ஸ்கோர் சீட்டில வராத ஆள்: நியூசிலாந்து டிபெண்டர் கேசி கோப்புவா

நெற்போல் எண்டால் எங்கட ஆக்களுக்கு உடன ஞாபகம் வாறது தர்ஜினி சிவலிங்கம்தான். 208 சென்ரிமீற்றர் உயரம், றிங்குக்குக் கீழ கையைத் தூக்கிக்கொண்டு நிண்டா எண்டால் பந்து அவவின்ர கைக்கு வந்து சேரும், அங்கயிருந்து உள்ளுக்கு விழும், மற்ற ரீம்காரர் பாத்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான். ஆனா நான் எழுத வந்தது அந்தப் பாத்துக்கொண்டு நிக்கிற ஆளைப் பற்றி. அப்பிடி ஒரு சூட்டரை மறிக்கச் சொல்லி விடுற டிபெண்டரைப் பற்றி. அதிலயும் நான் கன வருசமாக் கவனிச்சு வந்த ஒராள், நியூசிலாந்தின்ர கேசி கோப்புவா. 2019ல ஓய்வு எடுத்திட்டா. அவவைப் பற்றித் தமிழில ஒரு கட்டுரையும் என்ர கண்ணில படேல்லை, அதாலதான் நானே எழுத இருந்தனான்.

பள்ளிக்கூடத்தில நானும் ரெண்டு வருசம் ஜீடி பிப், அதாவது நிக்கிற இடத்தின்ர எழுத்துப் போட்ட மேல் துணி, போட்டு டிபெண்டரா விளையாடினனான். மண் தரை, சுண்ணாம்புக் கோடு, மழை பெய்தால் கோடு கரைஞ்சுபோகும், திரும்பப் போடோணும். மச் முடிஞ்சு வீட்டை போனால் அம்மா கேக்கிற முதல் கேள்வி "எத்தினை கோல் பிள்ளை போட்டனி?" எண்டுதான். ஜீடி கோல் போட ஏலாதம்மா எண்டு ஒவ்வொரு தரமும் விளங்கப்படுத்துவன், அடுத்த முறையும் அதே கேள்வி வரும். அம்மாவில பிழை இல்லை, பேப்பரும் அப்பிடித்தானே போடுது, ஆர் எத்தினை கோல் எண்டு. கோல் விழாமல் தடுத்த ஆளின்ர பேர் அதில வர இடமே இல்லை.

முதல்ல இந்த ஜீடி, அதாவது கோல் டிபென்ஸ் எண்ட இடம் என்ன எண்டு தெரிஞ்சால்தான் மிச்சம் விளங்கும். ஒரு ரீமில 7 பேர். கோர்ட் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம், குறுக்கால மூண்டாப் பிரிச்சிருக்கும். றிங் 3.05 மீற்றர் உயரத்தில, பாஸ்கற்போல் மாதிரிப் பின்னுக்குப் பலகை ஒண்டும் இல்லை. றிங்கைச் சுத்தி 4.9 மீற்றர் ஆரையில அரை வட்டம், அதுக்குள்ள நிண்டுதான் கோல் போடலாம், போடுறதும் ரெண்டே ரெண்டு பேர், கோல் சூட்டரும் கோல் அற்றாக்கும். அவை ரெண்டு பேரையும் அந்த வட்டத்துக்குள்ள போய் மறிக்கிற உரிமையும் ரெண்டே பேருக்குத்தான், கோல் கீப்பரும் கோல் டிபென்ஸும். கீப்பர் பின்பக்க மூண்டிலொண்டை விட்டு வெளிய வர ஏலாது. ஜீடி நடுப்பகுதிக்கும் வரலாம், அதால ஓடவும் வேணும், பாயவும் வேணும், வட்டத்துக்குள்ள போனால் மல்லுக்கட்டவும் வேணும், ஆனா தொடக் கூடாது.

தொடக் கூடாது எண்டதுதான் இந்த விளையாட்டின்ர பெரிய சிக்கல். பந்து வைச்சிருக்கிற ஆளின்ர காலில இருந்து டிபெண்டர் 0.9 மீற்றர் தள்ளி நிக்கோணும், பழைய கணக்கில 3 அடி. அந்தத் தூரத்தில கால் இருக்க, உடம்பையும் கையையும் முன்னுக்குச் சாய்க்கலாம். வடிவாப் பாத்தீங்களெண்டால் நல்ல டிபெண்டர் ஒராள் ஒற்றைக் கால் பெருவிரலில பாரத்தைப் போட்டு, மற்றக் காலைப் பின்னுக்குத் தூக்கி, ரெண்டு கையையும் பந்துக்கு மேல நீட்டிக்கொண்டு தொங்குற மாதிரி நிப்பா, சூட்டர் பந்தை விடுற வரைக்கும் விழாமல் நிக்கோணும், கால் ஒரு அங்குலம் முன்னுக்கு வழுக்கினால் விசில். விசில் ஊதினால் பிழை விட்ட ஆள் பந்து எறியிற ஆளுக்குப் பக்கத்தில போய், பந்து கையை விட்டுப் போகும் மட்டும் ஒண்டும் செய்யாமல் நிக்கோணும். அதாவது அந்த நேரத்துக்கு ரீம் 6 பேரோட விளையாடுது. கனக்கப் பிழை விடுற டிபெண்டர் எதிர் ரீமுக்கு உதவிதான் செய்யிறா.

இன்னொரு கணக்கும் இருக்கு, அது டிபெண்டரின்ர பெறுமதியை விளங்க முக்கியம். கோல் ஆர் போட்டாலும் சென்டர் பாஸ், அதாவது நடுவில இருந்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குற எறி, ரெண்டு ரீமுக்கும் மாறி மாறித்தான் வரும். பெரிய ரீம்களில சூட்டர்மார் 100க்கு 90க்கு மேல விழுத்துவினம், அதால ஒவ்வொரு ரீமும் தன்ர சென்டர் பாஸைக் கோலாக்கிக்கொண்டு போகும், ஸ்கோர் ஏணிப்படி மாதிரி 10-10, 11-10, 11-11 எண்டு ஏறும். அந்தச் சங்கிலியில ஒரு கண்ணி அறுந்தால்தான் ஆரும் முந்தலாம். எதிர் ரீமின்ர சென்டர் பாஸில நீங்கள் ஒரு பந்தை இடையில பிடிச்சு மற்றப் பக்கம் கொண்டுபோய்க் கோல் போட்டால், அவைக்கு வர இருந்த 1 போச்சு, உங்களுக்கு 1 வந்துது, ரெண்டு கோல் வித்தியாசம். ஒரே ஒரு பந்துக்கு. ஸ்கோர் சீட்டில அது சூட்டரின்ர பேருக்குப் பக்கத்தில ஒரு கோலாத்தான் இருக்கும்.

கோப்புவா செய்தது இந்தச் சங்கிலியை அறுக்கிற வேலை. 2005ல நியூசிலாந்து ரீமான சில்வர் பேர்ன்ஸுக்கு வந்தா, அப்ப வயசு 20, அப்ப பேர் கேசி வில்லியம்ஸ், கலியாணத்துக்குப் பிறகுதான் கோப்புவா. பிறந்த ஊர் மாட்டாமாட்டா, நியூசிலாந்தின்ர வட தீவில வைக்காட்டோ பக்கம், மாடும் குதிரையும் வளக்கிற சின்ன ஊர். கிளப் மட்டத்தில அந்தப் பகுதி ரீமான மஜிக்குக்கு விளையாடினா. மஜிக்கில அதே காலம் ஐரீன் வான் டைக்கும் இருந்தவா, தென் ஆபிரிக்காவில பிறந்து நியூசிலாந்துக்கு வந்த, உலகத்திலயே பேர்போன சூட்டர். ஒரு இளம் டிபெண்டருக்குப் பயிற்சியில எதிர்ப்பக்கம் நிக்கிறது வான் டைக் எண்டால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்க கிடைக்கும், அப்பிடிப்பட்ட ஆளோட நெடுக மல்லுக்கட்டினால் சனிக்கிழமை மச்சில வாற சூட்டர் ஆரெண்டாலும் கொஞ்சம் சுலபமாத்தான் தெரியும் எண்டது என்ர எண்ணம்.

அவவின்ர விளையாட்டு முறையைச் சொல்லோணுமெண்டால் நியூசிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் உள்ள பழைய வித்தியாசத்தில தொடங்கோணும். அவுஸ்திரேலியாக்காரர் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு மறிப்பினம், நீ போற இடமெல்லாம் நான் வருவன் எண்ட மாதிரி. நியூசிலாந்தின்ர பழக்கம் வேற, ஆளைக் கொஞ்சம் விட்டிட்டு இடத்தைக் காப்பினம். விங் டிபென்ஸ் (வட்டத்துக்கு வெளிய மறிக்கிற டிபெண்டர்), ஜீடி, கீப்பர் மூண்டு பேரும் ஒரு வலை மாதிரி விரிஞ்சு நிண்டு, பந்து வாற வழியைப் பாத்து ஒருங்கா நகருவினம். வெளிய இருந்து பாத்தால் ஜீடி தன்ர ஆளை விட்டிட்டு நிக்கிற மாதிரித் தெரியும். பந்து வைச்சிருக்கிற விங் அற்றாக்குக்கும், அதாவது எதிர் ரீமில சூட்டர்மாருக்குப் பந்து குடுக்கிற ஆளுக்கும், அப்பிடித்தான் தெரியும், அட, அங்க ஒரு வெளி இருக்கு எண்டு. பந்தை 3 செக்கனுக்குள்ள விடோணும், யோசிக்க நேரம் இல்லை, அந்த வெளிக்கு எறிவா. எறிஞ்ச கையோட அந்த வெளிக்குள்ள கோப்புவா நிப்பா. வெளியை விட்டதே அதுக்குத்தான்.

இதில கால் வேகத்தை விடக் கண்தான் முக்கியம். பந்தைப் பாத்துக்கொண்டு ஓடினால் பிந்திப் போவீங்கள், எறியிற ஆளின்ர தோளைப் பாக்கோணும், இடுப்பு எந்தப் பக்கம் திரும்புது எண்டு பாக்கோணும், அதே நேரம் பின்னால நிக்கிற கோல் அற்றாக் எங்க எண்டு திரும்பிப் பாக்காமல் உணரோணும். இன்னொரு விசயம், எறியாத பாஸ். ஜீடி நிக்கிற விதத்தைப் பாத்துப் பயந்து விங் அற்றாக் உள்ளுக்குப் போடாமல் திரும்பப் பின்னுக்கு எறிஞ்சால், அதுவும் டிபெண்டரின்ர வேலைதான். இன்டர்செப்ட் (இடையில பிடிச்சது) எத்தினை, தட்டினது எத்தினை, றீபவுண்ட் (விழாமல் திரும்பி வந்த பந்தைப் பிடிச்சது) எத்தினை எண்டு எண்ணலாம், எறியாத பாஸை எண்ண ஏலாது. கோப்புவாவின்ர மச்சுகளில இந்த எண்ண ஏலாத பகுதிதான் எனக்குப் பெரிசாத் தெரியிறது.

2006 மெல்பேர்ன் பொதுநலவாய விளையாட்டில அவுஸ்திரேலியாவை அதின்ர சொந்த மண்ணில 60-55 எண்டு வெண்டு தங்கம் எடுத்த ரீமில அவா இருந்தா. அடுத்த வருசம் ஒக்லாந்தில உலகச் சம்பியன்சிப் பைனல், சொந்த ஆக்களுக்கு முன்னால, 42-38 எண்டு அவுஸ்திரேலியா வெண்டுது. உலக நெற்போலின்ர உச்சியில கன காலமா இந்த ரெண்டு நாடும்தான் மாறி மாறி முட்டிக்கொண்டு இருந்தது, அதால கோப்புவாவின்ர பெரிய மச்சுகள் எல்லாத்திலயும் எதிர்ப்பக்கம் மஞ்சள் சட்டைதான்.

டெல்லிக்கு வருவம். 2010 பொதுநலவாய விளையாட்டு, தியாகராஜ் உள்ளரங்கம், கப்டன் அவா. பின்பக்கத்தில அவவோட லியானா டி புரூயின் கீப்பர், முன்னால ஜோலின் ஹென்றி விங் டிபென்ஸ். 60 நிமிச மச் சமன். மேலதிக நேரமும் சமன். அதுக்குப் பிறகு சட்டம் என்னெண்டால் ஆராவது ஒரு ரீம் ரெண்டு கோல் முன்னுக்குப் போகும் மட்டும் நிப்பாட்டாமல் விளையாடோணும். மொத்தம் 84 நிமிசம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ, 80 நிமிசம் தாண்டி, காலெல்லாம் விட்டுப்போன நேரத்தில, அடுத்த பந்தைத் தவற விட்டால் தங்கம் போச்சு எண்ட நிலமையில, அந்த 0.9 மீற்றரைப் பிசகாமல் நிக்கோணும், விசில் வாங்காமல் பாயோணும். கடைசியில மரியா டுட்டாயா போட்ட கோலோட 66-64. படங்களில எல்லாம் டுட்டாயா கையைத் தூக்கினதுதான் வந்தது, வரத்தான் வேணும், அந்தத் துணிவு எல்லாருக்கும் வராது. ஆனா ரெண்டு கோல் வித்தியாசத்தில முடிஞ்ச மச் எண்டால் எங்கயோ ஒரு சங்கிலி அறுந்திருக்கு எண்டு அர்த்தம்.

ஒன்பது மாதம் கழிச்சு 2011 சிங்கப்பூர், உலகச் சம்பியன்சிப் பைனல், திரும்பவும் மேலதிக நேரம், இந்த முறை 58-57 எண்டு அவுஸ்திரேலியா. வெற்றிக் கோலைப் போட்டது கெயிற்லின் பாசெற் எண்ட 193 சென்ரிமீற்றர் இளம் சூட்டர். இந்தப் பேரை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகும் வரும். டெல்லியில ரெண்டு கோலால வெண்ட அதே ஆக்கள் சிங்கப்பூரில ஒண்டால தோத்தினம், ரெண்டு மச்சுக்கும் இடையில திறமையில பெரிய வித்தியாசம் ஒண்டும் இல்லை, இது அப்பிடித்தான் இருந்தது அந்தக் காலத்தில.

2012 தான் கிளப் மட்டத்தில அவவின்ர நல்ல வருசம். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து 2008ல இருந்து 2016 மட்டும் நடத்தின ஏஎன்செட் சம்பியன்சிப்பில ரெண்டு நாட்டிலயும் ஐஞ்சு ஐஞ்சு ரீம், ஆனா நியூசிலாந்து ரீம் ஒண்டு கப் எடுத்தது ஒரே ஒரு தரம், அது 2012ல மஜிக். சீசன் தொடக்கத்தில வரிசையாத் தோல்வி, எல்லாரும் கை கழுவி விட்ட நேரத்தில எழும்பி வந்து, மெல்பேர்னில போய் விக்ஸன்ஸ் ரீமை 41-38 எண்டு பைனலில விழுத்தினவை. 38 எண்ட இலக்கத்தைப் பாருங்கோ. 60 நிமிசத்தில, எதிரியின்ர ஊரில, எதிரியை 40க்குக் கீழ வைச்சிருக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்த மஜிக்கின்ர கோச் நோலீன் டவுருவா. இந்தப் பேரும் பிறகு வரும்.

2014 கிளாஸ்கோ பொதுநலவாயப் பைனல் 58-40, அவுஸ்திரேலியா ஒரேயடியா மேல ஏறி நிண்ட மச், அதைப் பற்றி நீட்டி எழுத ஒண்டும் இல்லை. அந்த வருசக் கடைசியில அவுஸ்திரேலியாவோட நடந்த கொன்ஸ்ரலேசன் கப் மச் ஒண்டில கோப்புவாவின்ர முழங்கால் போட்டுது. பட்டெல்லா டெண்டன் அறுந்தது. முழங்கால் சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் பிடிச்சு வைச்சிருக்கிற தடிச்ச நார் அது, அது அறுந்தால் காலை நீட்டவே ஏலாது, சில்லு மேல ஏறிப்போகும், வெட்டித் தைக்க வேணும். நெற்போலில முழங்கால் ஏன் இப்பிடி அடிக்கடி போகுது எண்டு கேட்டால் காரணம் சட்டத்திலயே இருக்கு. பந்தைப் பிடிச்ச கையோட ஓட ஏலாது, பாஸ்கற்போல் மாதிரித் தட்டிக்கொண்டு போகவும் ஏலாது, இறங்கின கால் இறங்கின இடத்தில நிக்கோணும். முழு வேகத்தில பாய்ஞ்சு வந்து ஒரே அடியில பிறேக் போடுற மாதிரி. அந்த அடி முழுக்க முழங்காலுக்கு. பாயிறதுதான் தொழில் எண்டு வாழுற டிபெண்டருக்கு இது ஒரு மச்சில எத்தினை தரம் நடக்கும் எண்டு எண்ணிப் பாருங்கோ.

அந்தக் காலோட அடுத்த வருசம் ஓகஸ்ட், சிட்னி உலகக் கோப்பைக்குக் கப்டனா வந்து நிண்டா. குரூப் மச்சில அவுஸ்திரேலியாவை 52-47 எண்டு வெண்டினம். பைனலில முதல் குவாட்டரிலயே, மச்சின்ர முதல் கால் பங்கிலயே, அவுஸ்திரேலியா முன்னுக்குப் போட்டுது, பிறகு நியூசிலாந்து துரத்தித் துரத்தி வந்தும் எட்டேல்லை, 58-55. அதோட அவா ஒதுங்கினா. 2016ல மகள் பிறந்தா. மூண்டு பெரிய உலகப் பைனல், மூண்டிலயும் ரெண்டாமிடம். கதை அதோட முடிஞ்சுது எண்டுதான் நானும் நினைச்சனான்.

2018ல நியூசிலாந்து நெற்போல் விழுந்த மாதிரி முதல் ஒருக்காலும் விழேல்லை. கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில மலாவியிட்ட 57-53 எண்டு தோத்து, வெண்கல மச்சில ஜமேக்காவிட்டயும் தோத்து, நாலாமிடம். பொதுநலவாய விளையாட்டில நெற்போல் தொடங்கின 1998ல இருந்து பதக்கம் இல்லாமல் அவை வீடு திரும்பினது அதுதான் முதல் தரம். கோச் விலகினா, அந்த இடத்துக்கு நோலீன் டவுருவா வந்தா. அவா இடையில அவுஸ்திரேலியாவில சன்சைன் கோஸ்ட் லைற்னிங் எண்ட ரீமை 2017, 2018 ரெண்டு வருசமும் சம்பியனாக்கிப்போட்டு வந்தவா, உடல் தகுதி விசயத்தில சரியான கண்டிப்பு, பேர் பெரிசெண்டாலும் ஓட்டச் சோதனையில நிக்காட்டில் இடம் இல்லை. அவா பழைய ஆக்கள் சிலரைத் திரும்பக் கூப்பிட்டா. அதில கோப்புவாவும் ஒராள். உலகக் கோப்பை வரேக்க 34 வயசு, தைச்ச முழங்கால், வீட்டில சின்னப் பிள்ளை.

இந்த இடத்தில ஒரு விசயத்தைச் சொல்லாமல் போக மனம் வரேல்லை. அவா திரும்பி வந்தது கப்டனா இல்லை. கப்டன் லோரா லாங்மன், மஜிக்கில கூட விளையாடின பழைய சிநேகிதி. வருசக்கணக்கா ரீமை நடத்தின ஒராள், வேற ஒருத்தரின்ர சொல்லுக்குக் கீழ ஒரு சாதாரண ஜீடியா வந்து நிக்கிறது எல்லாராலயும் ஏலுமான காரியம் இல்லை. டவுருவாவுக்கு வேண்டியிருந்தது பின்பக்கத்தில அமைதியா நிண்டு இளம் ஆக்களுக்கு இடம் சொல்லிக் குடுக்கிற ஒரு குரல். கீப்பர் ஜேன் வாட்சன் பாயிற ஆள், துணிஞ்சு போற ஆள், விங் டிபென்ஸ் கரின் பேர்கருக்கு இதுதான் முதல் உலகக் கோப்பை. அவை ரெண்டு பேருக்கும் நடுவில ஆர் நிக்கிறது எண்டதிலதான் அந்த வலை இறுகும் இல்லாட்டில் கிழியும். கோப்புவா நடுவில நிண்டா.

லிவர்பூல், 2019 யூலை. எங்கட இலங்கை ரீமும் தர்ஜினியும் அதே உலகக் கோப்பைக்குப் போயிருந்தவை, அதாலதான் எங்கட வீடுகளிலயும் அந்தக் கிழமை நெற்போல் கதை அடிபட்டது. நியூசிலாந்து குரூப் சுற்றில அவுஸ்திரேலியாவிட்ட 50-49 எண்டு தோத்தது. செமி பைனல் இங்கிலாந்தோட, இங்கிலாந்தின்ர சொந்த மண்ணில, அரங்கம் முழுக்க அவைக்காகக் கத்திக்கொண்டு இருக்க, 47-45 எண்டு நியூசிலாந்து. கோல்ட் கோஸ்டில தங்கம் எடுத்த இங்கிலாந்தை 45 இல கட்டிப்போட்டது பின்பக்க மூண்டு பேரும்தான்.

21ம் திகதி பைனல். அவுஸ்திரேலியாவின்ர கப்டன் ஆர் எண்டால், எட்டு வருசத்துக்கு முதல் சிங்கப்பூரில கடைசிக் கோலைப் போட்ட அதே கெயிற்லின் பாசெற். அவவோட கோல் அற்றாக் கிரெற்றல் ரிப்பெற், முந்திப் பாஸ்கற்போல் விளையாடின ஆள், நிண்டு எறியிறதை விட ஓடி வந்து றிங்குக்கு அடியில எழும்பிப் போடுறதுதான் அவவுக்குப் பிடிக்கும். அப்பிடி ஓடி வாற ஆளை மறிக்கிறது சரியான கரைச்சல், முன்னால போய் நிண்டால் இடிபடும், விசில், விட்டால் கோல். இதுக்கு ஒரே மருந்து, அவா ஓடத் தொடங்க முதலே அந்த வழியில போய் நிண்டு விடுறது, பாஸ் வாற வாசலை அடைக்கிறது. அதுதான் கோப்புவா 2005ல இருந்து செய்துகொண்டு வந்த வேலை. 52-51. நியூசிலாந்து வெண்டுது, 2003க்குப் பிறகு முதல் தரம். அவா எடுத்த ஒரே உலகக் கோப்பையும் அதுதான். மொத்தம் 112 சர்வதேச மச், அதுக்குப் பிறகு சில்வர் பேர்ன்ஸுக்கு விளையாடேல்லை.

அந்தப் பைனலை நீங்கள் பாக்கிறதெண்டால் ஒரு வழி சொல்லுறன். முதல் தரம் எல்லாரையும் மாதிரிப் பந்தைப் பாருங்கோ. ரெண்டாம் தரம் ஏதாவது ஒரு குவாட்டரை எடுத்து, பந்து எங்க போனாலும் போகட்டும் எண்டு விட்டிட்டு, நியூசிலாந்து ஜீடியின்ர காலை மட்டும் பாருங்கோ. பந்து மற்றப் பக்கம் நிக்கேக்கயே அந்தக் கால் ஒரு அடி இடப்பக்கம் நகரும், நிக்கும், அரை அடி பின்னுக்கு வரும், திரும்ப நகரும். கொஞ்சம் பொறுத்துப் பாத்தால் அவுஸ்திரேலியா விங் அற்றாக் பந்தைத் தலைக்கு மேல தூக்கி, உள்ளுக்குப் போட ஆயத்தமாகி, போடாமல் கையை இறக்கிப் பின்னுக்கு எறியிறதைக் காணுவீங்கள்.